பெடல் பெட்டியில் பூச்சு கெட்டால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

எலக்ட்ரிக் கிட்டாரின் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் பெடலின் சர்க்யூட் ஒரே மாலையில் பேசத் தொடங்கிவிடும். பெட்டிதான் வாரக்கணக்கில் வதைக்கும். நான் கெடுத்த பெட்டிகளையும், நண்பர்கள் கெடுத்துவிட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த பெட்டிகளையும் சேர்த்துப் பார்த்தால், திரும்பத் திரும்ப வருபவை அதே சில கோளாறுகள்தான். அவற்றை அறிகுறிப்படி கீழே எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், பட்டறைக்குப் போக வேண்டிய கட்டம் கடைசியில் வரும்.

பெட்டி என்று நான் சொல்வது வார்ப்பு அலுமினியப் பெட்டியை. ஹாமண்ட் 1590பி (சுமார் 112 × 60 × 31 மி.மீ.), அதைவிடச் சற்று உயரமான 125பி, இவற்றைப் பார்த்து வார்த்த மலிவுப் பெட்டிகள் எல்லாம் இதில் அடங்கும். இரும்புத் தகட்டை மடித்துச் செய்த பெட்டிக்குத் துரு என்ற தனித் தொல்லை உண்டு. அது இங்கே இல்லை.

எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்று சோதனைகளைச் செய்துவிடுங்கள். பெட்டியை மூக்கருகே கொண்டுபோய் முகருங்கள். தின்னர் வாடை வந்தால் பூச்சு இன்னும் இறுகவில்லை, வேறு எதையும் ஆராய வேண்டாம், காத்திருங்கள். அடுத்து, அடிப்பக்கத்தில் கண்ணுக்குப் படாத இடத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள்; பிறை வடிவத்தில் தடம் விழுந்தாலும் அதே தீர்ப்புதான். மூன்றாவதாக, செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று பிடுங்குங்கள். டேப்போடு நிறமும் வந்தால் கோளாறு அடியில் இருக்கிறது.

## பூச்சு தகடு தகடாக உரிகிறது

முதலில் எங்கே உரிகிறது என்று பாருங்கள்.

எங்கே நகம் வைத்தாலும் உரிகிறது. உரிந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தால் பெயின்ட்மேல் குற்றமில்லை, அது எதையும் பற்றவே இல்லை. வார்ப்பு அச்சிலிருந்து பெட்டி எளிதாகக் கழன்று வருவதற்காக அடிக்கும் எண்ணெயும் மெழுகும் புதுப் பெட்டியின் மேல் படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. பாத்திரம் கழுவும் திரவத்தை வெந்நீரில் விட்டு, நாரால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு குழாயடியில் பெட்டியைச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டு நின்றால் இன்னொரு முறை கழுவ வேண்டும். இந்தச் சோதனைக்குப் பிறகு பெட்டியை வெறுங்கையால் தொடாதீர்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையால் பெட்டியைத் தூக்கி, நான்கு விரல் தடங்களும் அப்படியே பெயின்ட்டில் தெரிந்த அனுபவம் எனக்கு உண்டு.

கழுவியும் உரிந்தால் அடுத்தது உப்புத்தாள். 320 எண் தாளில் தொடங்கி, அதைவிட நைசான 400இல் முடியுங்கள், பளபளப்பு எங்கும் மிஞ்சக் கூடாது. அதற்கும் அடங்காவிட்டால் பிரைமரை மாற்றுங்கள். ஜன்னல் கம்பிக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு இரும்புக்கானது. அலுமினியத்துக்கு, உலோகத்தை லேசாக அரித்துப் பற்றிக்கொள்ளும் எட்ச் பிரைமர் வேண்டும், கார் பெயின்ட் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். அதை உலோகம் லேசாகத் தெரியுமளவு மெல்லிதாக அடிக்க வேண்டும். தடிமனாக அடித்தால் அதுவே உரியும்.

விளிம்பிலும் மூலையிலும் மட்டும் உரிகிறது. கூரான விளிம்பில் ஈரப் பெயின்ட் நிற்காமல் இரு பக்கமும் விலகிவிடும். அங்கே பூச்சு பாதித் தடிமன்கூட இருக்காது. விளிம்பை 400 தாளால் லேசாக உருட்டிவிட்டு அடியுங்கள்.

துளையைச் சுற்றி மட்டும் உரிகிறது. பெயின்ட் அடித்த பிறகு துளை போட்டிருப்பீர்கள். வரிசை மாறக் கூடாது: துளை, பிசிர் நீக்கல், கழுவல், பூச்சு. ஏற்கெனவே அடித்தாயிற்று, ஒரு துளை மட்டும் மறந்துபோயிற்று என்றால், அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, உள்ளே மரக்கட்டையை அண்டக் கொடுத்து, படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில்லால் மெதுவாகத் துளையிடுங்கள்.

பவுடர் கோட்டிங்கே (பெயின்ட் தூளை ஒட்டவைத்து, சூளையில் உருக்கி இறுக்கும் பூச்சு) உரிகிறது. வீட்டில் இதற்கு மருந்தில்லை, ஆனால் யார்மேல் தவறு என்று கண்டுபிடிக்கலாம். பஞ்சில் தின்னர் தோய்த்து ஒரே இடத்தில் இருபது முறை தேயுங்கள். நிறம் தாராளமாகப் பஞ்சில் ஏறி, பூச்சும் பிசுபிசுத்தால் சூளையில் போதுமான நேரம் வைக்கவில்லை. பவுடர் பொதுவாக 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடத்துக்கு மேல் வேக வேண்டும். அது உலோகத்தின் சூடு, சூளைக் காற்றின் சூடு அல்ல. மெல்லிய தகட்டோடு சேர்த்துத் தொங்கவிட்டால், தகடு வெந்துவிடும், வார்ப்புப் பெட்டி அரைவேக்காடாக வெளியே வரும். பஞ்சில் நிறம் ஏறவில்லை, ஆனாலும் உரிகிறது என்றால் முன்சுத்தம் சரியில்லை. கட்டிலும் கேட்டும் வந்துபோகும் பட்டறையில் தொட்டிகள் இரும்புக்காகவே வைத்திருப்பார்கள். துருப் போக்கும் அமிலத்தில் அலுமினியத்தை முக்கினால் பலன் இப்படித்தான் வரும். பெட்டியைக் கொடுக்கும்போதே “இது அலுமினிய வார்ப்பு” என்று சொல்லிக் கொடுங்கள்.

இன்னொரு விஷயம். பட்டறையில் பெட்டியைக் கொக்கியில் மாட்டித்தான் அடிப்பார்கள். கொக்கி பட்ட இடம் வெறுமையாக இருக்கும். எந்தத் துளையில் மாட்ட வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் முகப்பின் நடுவிலுள்ள பெரிய துளையில்தான் மாட்டுவார்கள். பின்பக்கத்து மின்னிணைப்புத் துளையைக் காட்டிக்கொடுங்கள்.

## பூச்சில் குழிகள்

குழியை உருப்பெருக்கியில் பாருங்கள். செல்பேசிக் கேமராவும் போதும்.

விளிம்பு உயர்ந்த வட்டக் குழி, நடுவில் அடி நிறம் தெரிகிறது. மீன் கண்போல இருக்கும். இது சிலிகோன் அல்லது எண்ணெய். டாஷ்போர்டு பாலிஷ், துருப்பிடித்த திருகை இளக்கும் ஸ்பிரே, பக்கத்து அறையில் அடித்த ஏதோ ஒன்று காற்றில் வந்து படிந்திருக்கும். மேலே மேலே அடித்து நிரப்பப் பார்க்காதீர்கள், குழி பெரிதாகும். காயவிட்டு, தேய்த்து எடுத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். ஒரு துணியால் துடைத்து, ஈரம் காயும் முன் இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே துணி என்றால் எண்ணெய் இடம் மாறுகிறதே தவிரப் போகாது.

ஊசிமுனை ஓட்டைகள், பவுடர் கோட்டிங்கில். வார்ப்புக்குள் சிறைப்பட்ட காற்று சூளைச் சூட்டில் விரிந்து, உருகிய பவுடரைத் துளைத்து வெளியேறிய வழி அது. பெட்டியை முதலில் வெறுமையாக, வேகவைக்கும் சூட்டைவிடச் சற்று அதிகமாகக் காய்ச்சி, காற்றை வெளியேற்றிவிட்டுப் பிறகு பவுடர் அடிக்கச் சொல்லுங்கள். நல்ல பட்டறை இதைக் கேட்டதும் புரிந்துகொள்ளும். விழிக்கிறார்கள் என்றால் வேறு பட்டறை பாருங்கள்.

பெயின்ட்டுக்கு முன்பே உலோகத்தில் இருந்த குழிகள். மலிவுப் பெட்டியின் முகத்தில் அம்மைத் தழும்புபோல இருக்கும். கார் பட்டி வைத்துத் தேய்க்கலாம். பவுடர் அடிக்கப் போகும் பெட்டிக்கு அந்தப் பட்டி கூடாது, சூளைச் சூட்டில் பெயர்ந்துவிடும். பட்டி வைக்கச் சலிப்பாக இருந்தால் ஹாமர்டோன் பெயின்ட் அடித்துவிடுங்கள். சுத்தியலால் தட்டிய தகடுபோல மேடு பள்ளமாகக் காய்வதால் அடியில் உள்ள குறை தெரியாது. 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸ் பெடலின் வட்டப் பெட்டியிலும் ஹாமர்டோன்தான். லேத் பட்டறைக்காரர்களுக்கு இந்தப் பெயின்ட்டை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

## மழையில் வெண்மூட்டம், வெயிலில் மணல்

சென்னையில் ஸ்பிரே டப்பாவோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு ஆண்டில் இரண்டு எதிரிகள்: ஐப்பசி, கார்த்திகை மழை, சித்திரைக் கத்திரி.

கிளியர் லாக்கர் (நிறமில்லாத மேல்பூச்சு) பால்போல வெளுத்துவிட்டது. லாக்கரில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. ஈரக் காற்றின் நீர் அதில் பனியாகப் படிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது. பயப்பட வேண்டாம், பெரும்பாலும் இது மீளும். முதலில் பெட்டியை வெயிலிலோ அறுபது வாட் குண்டு பல்பின் அடியிலோ ஒரு மணி நேரம் வையுங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே தெளிந்துவிடும். தெளியாவிட்டால், காற்று உலர்ந்திருக்கும் ஒரு நாளில், ஆவியாவதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் தின்னரை மூச்சுவிட்டதுபோல மெல்லிதாக அடியுங்கள். மேற்பரப்பு இளகி, நீர் வெளியேறி, கண்ணாடியாகும். நான் இதை முதன்முதலில் செய்தபோது, மணிக்கணக்கில் மங்கிக் கிடந்த கறுப்புப் பெட்டி ஓரத்திலிருந்து நடுப்பகுதிவரை மெல்லத் தெளிந்துகொண்டே வந்ததை நின்று பார்த்தேன். அடிக்கும் முன் பெட்டியைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் காட்டி எடுத்தால் மழைக்காலத்திலும் மூட்டம் வருவது குறையும்.

மேற்பரப்பு சொரசொரக்கிறது, கை வைத்தால் தூள் ஒட்டுகிறது. இது மே மாத வேலை. பெயின்ட் துளி பெட்டியைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து, மணலாக வந்து விழுகிறது. டப்பாவை 20 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். மொட்டை மாடியில் மதியம் அடிப்பதை விட்டுவிட்டு காலை ஏழு மணிக்கு அடியுங்கள். ஏற்கெனவே விழுந்த மணலை 600 தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்துவிட்டுத் தொடரலாம்.

ஆரஞ்சுத் தோல்போல அலையலையாக இருக்கிறது. தூரமும் காரணம், டப்பாவின் குளிர்ச்சியும் காரணம். டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி எடுத்து, நன்றாகக் குலுக்கி அடியுங்கள். அடுப்பின் அருகே கொண்டுபோகாதீர்கள், வெடிக்கும். காய்ந்தபின் 1000, 1500, 2000 என்று தண்ணீர்த் தாளால் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்றலாம். காம்பவுண்டு தொட்ட பெட்டியில் மீண்டும் பெயின்ட் அடிக்க நேர்ந்தால் மேலே சொன்ன மீன் கண் தேடி வரும் என்பது நினைவிருக்கட்டும்.

## பூச்சு சுருங்கி நெளிந்துவிட்டது

கிழவர் கை முதுகுபோல ஆகிவிடும். பாதி காய்ந்த எனாமலின் மேல் வீரியமான கரைப்பான் விழுந்தால் இப்படி நடக்கும். டப்பாவின் பின்னால் சிறு எழுத்தில், இத்தனை மணிக்குள் அடுத்த பூச்சு அடியுங்கள், தவறினால் இத்தனை மணி கழித்து அடியுங்கள் என்று போட்டிருக்கும். இடைப்பட்ட நேரம்தான் கண்டம். எனாமலுக்கு மேல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அடிப்பது எப்போதுமே சூதாட்டம். லாக்கருக்கு மேல் எனாமல் அடிப்பதில் அந்த வம்பு இல்லை. நெளிந்த பூச்சை ஒரு வாரம் காயவிட்டுத் தேய்த்து எடுப்பதைத் தவிர வழியில்லை. அவசரப்பட்டு ஈரத்தில் தேய்த்தால் மெழுகுபோலச் சுருண்டு தாளை அடைக்கும்.

## டெக்கால் தொல்லைகள்

எழுத்தைச் சுற்றி வெள்ளி நிறப் படலம். டெக்கால் என்பது தண்ணீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படலம். அதற்கு அடியில் காற்று மாட்டியிருக்கிறது. மேட் பூச்சின் மேல் ஒட்டினால் வரும். முதலில் ஒரு பளபளப்பான கிளியர் அடித்து, அதன்மேல் ஒட்டுங்கள். ஏற்கெனவே ஒட்டியாயிற்று என்றால் ஊசியால் படலத்தில் சில குத்துக் குத்தி, வினிகர் சிறிது கலந்த தண்ணீரைத் தூரிகையால் தடவி, ஈரப் பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றுங்கள்.

தண்ணீரில் போட்டதும் மை கரைகிறது. இங்க்ஜெட்டில் அச்சிட்டு, கிளியர் அடிக்காமல் முக்கியிருக்கிறீர்கள். மெல்லிதாக மூன்று முறை கிளியர் அடித்து, காய்ந்தபின் முக்குங்கள். லேசர் அச்சுக்கு இந்தக் கவலை இல்லை.

ஒட்டியதும் எழுத்து காணாமற்போயிற்று. கறுப்புப் பெட்டியில் சிவப்பு எழுத்தா? சாதாரண அச்சு இயந்திரம் வெள்ளையை அச்சிடாது, நிறமும் ஒளிபுகும். வெளிர் நிறப் பெட்டிக்கு மாறுங்கள், அல்லது வெள்ளைத் தாள் டெக்கால் வாங்கி ஓரம் ஒட்ட வெட்டுங்கள்.

கிளியர் அடித்ததும் டெக்கால் நெளிகிறது, பேனா ஓவியம் வழிகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: முதல் அடியிலேயே ஈரமாக அடித்துவிட்டீர்கள். முதல் மூன்று பூச்சும் தூசிபோல விழ வேண்டும், இடையில் கால் மணி நேரம் விட வேண்டும். கையால் வரைந்த பெடல்களுக்குத் தனி மதிப்பு உண்டு. அமெரிக்காவின் மினியாபொலிஸில் உள்ள ஸீவெக்ஸ் பெடல் நிறுவனம் அதற்கே பெயர் பெற்றது. ஆனால் மார்க்கர் பேனாவால் வரைந்தால், மேலே அடிக்கப்போகும் கிளியரை ஒரு பழைய மூடியில் வரைந்த கோட்டின்மேல் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டிக்கு வர வேண்டும்.

## அரித்து எழுதியது சரியாக வரவில்லை

எனக்கு மிகவும் பிடித்த முறை இது, அதிகம் கெடுத்ததும் இதில்தான். லேசர் அச்சின் டோனரை இஸ்திரிப் பெட்டியால் உலோகத்துக்கு மாற்றி, டோனர் மூடாத இடத்தை மருந்தால் அரிப்பது. ஃபெரிக் குளோரைடை விட்டுவிட்டு நான் மயில்துத்தத்துக்கு (காப்பர் சல்பேட்) மாறிப் பல காலமாகிறது. உரக்கடையில் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் 75 கிராம், உப்பு 75 கிராம், பிளாஸ்டிக் தட்டில். உலோகத்திலிருந்து குமிழி கிளம்பும், அது ஹைட்ரஜன். திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்யுங்கள்.

எழுத்து இடவலம் மாறி வந்துவிட்டது. அச்சிடும் முன் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப மறந்தீர்கள். சிரித்துவிட்டு அடுத்த பெட்டியை எடுங்கள்.

டோனர் பாதிதான் ஒட்டியது. வார்ப்புப் பெட்டி சூட்டை விழுங்கும். இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் பெட்டியின் முகத்தைப் பத்து நிமிடம் சூடேற்றிவிட்டுத் தாளை வையுங்கள். அதற்கும் நடுவில் மட்டும் ஒட்டாமல் இருந்தால் முகம் தட்டையாக இல்லை. கண்ணாடிப் பலகைமேல் உப்புத்தாளை விரித்து, பெட்டியின் முகத்தை எட்டு வடிவில் தேயுங்கள். பள்ளமான இடம் தேயாமல் மின்னிக் காட்டிக்கொடுக்கும்.

மெல்லிய பாகங்கள் காணவில்லை. மருந்து கீழ்நோக்கி மட்டும் அரிப்பதில்லை, டோனருக்கு அடியில் பக்கவாட்டிலும் நுழையும். தமிழில் எழுதுபவர்களுக்கு இதில் தனித் தண்டனை உண்டு. ஒரு பெட்டியில் ‘சத்தம்’ என்று மேடெழுத்தாக எழுதினேன். ஏழாவது நிமிடம் எடுத்துக் கழுவினால் ‘சததம’ என்று நிற்கிறது. இரண்டு புள்ளிகளும் மருந்தோடு போய்விட்டன. புள்ளியின் விட்டத்தைக் கோட்டின் அகலத்தைவிட ஒன்றரை மடங்காக்குங்கள், ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல். ண, ழ போன்ற எழுத்துகளின் சுழிகளையும் அகலமாக்குங்கள். நான் இப்போது சோம்பேறித்தனமாக வேறு வழி பிடித்துவிட்டேன். என் பெடல்களில் ‘ஒலி’, ‘தொனி’, ‘கடுமை’ என்றுதான் இருக்கும். எந்தச் சொல்லிலும் புள்ளி கிடையாது.

டோனர் மருந்திலேயே கழன்று மிதக்கிறது. கரைசல் சூடாகிவிட்டது. அரைநிமிடம் முக்கி, எடுத்து, தண்ணீரில் குளிரவைத்து, பழைய பல்துலக்கும் தூரிகையால் செம்பு நிறச் சேற்றை மெல்ல வருடிவிட்டு, மறுபடி முக்குங்கள். சேறு அடைத்தால் அரிப்பும் ஒரே சீராக இருக்காது.

பக்கச் சுவரும் துளைகளும் அரித்துப்போயின. மூடியைத் திருகி, துளைகளை உள்ளிருந்து டேப்பால் அடைத்து, பக்கங்களுக்கு நகப்பூச்சு இரண்டு கை அடியுங்கள். வீட்டில் கேட்டுவிட்டு எடுப்பது நல்லது.

சில வாரம் கழித்து கிளியருக்கு அடியில் வெள்ளைப் பொடி பூக்கிறது. உப்பு உலோகத்தின் நுண்துளைகளில் தங்கிவிட்டது. கிளியரை எடுத்துவிட்டு, ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, பிறகு வெந்நீரை மூன்று முறை மாற்றி அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்தபின் மீண்டும் அடியுங்கள்.

மிஞ்சிய கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். செம்பு மீன்களுக்கு நஞ்சு. சலவைச் சோடாவைப் பொங்கல் அடங்கும்வரை சேர்த்து, ஓரிரவு வைத்தால் செம்பு சேறாகப் படியும். தெளிந்ததை இறுத்துவிட்டு, சேற்றை உலரவைத்து மூடிய டப்பாவில் தனியாகச் சேர்த்து வையுங்கள்.

## அச்சிட்ட எழுத்து நகத்தோடு வருகிறது

ஸ்கிரீன் பிரின்ட். திருப்பூரில் பனியனுக்கு அச்சிடும் நண்பர் ஒருவர் ஆசையோடு எனக்கு ஆறு பெட்டி போட்டுக்கொடுத்தார். பார்க்க அபாரம். மறுநாள் ‘ஒலி’ விரலோடு வந்துவிட்டது. அவர்மேல் பிழையில்லை. பனியன் மை துணியின் இழைகளைக் கவ்விப் பிடித்து நிற்பது. உலோகத்தில் கவ்வ எதுவும் இல்லை. உலோகத்துக்கு ஹார்டனர் கலக்கும் இரு பாக எப்பாக்சி மை வேண்டும். விளம்பரப் பலகை, பேனா, சாவிக்கொத்து அச்சிடுபவர்களிடம் கேளுங்கள்.

யூவி அச்சு, அதாவது புற ஊதா ஒளியில் இறுகும் மை. பவுடர் கோட்டிங்கின் மேல், அதிலும் மேட் பூச்சின் மேல், இந்த மை தத்தளிக்கும். பூச்சை ஆல்கஹாலால் துடைத்துக் கொடுங்கள். போதவில்லை என்றால் அச்சகத்தில் பிடிப்புக்கான பிரைமர் துடைக்கச் சொல்லுங்கள். மொத்தமாகக் கொடுக்கும் முன் ஒரு பெட்டியில் அச்சிட்டு, ஒரு நாள் கழித்து பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி டேப் சோதனை செய்யுங்கள்.

லேசர். சாவிக்கொத்துக் கடையில் மரத்தையும் அக்ரிலிக்கையும் வெட்டும் சிஓ2 லேசர், வெறும் அலுமினியத்தில் ஒரு கீறலும் போடாது. பெயின்ட் அடித்த பெட்டி என்றால் பெயின்ட்டை எரித்து வெள்ளி எழுத்தைக் காட்டும். வெறும் உலோகத்தில் எழுத ஃபைபர் லேசர் வேண்டும்.

காலால் மிதிக்கும் இடத்தில் மட்டும் அழிகிறது. இது தேய்மானம். வீட்டு ஸ்பிரே கிளியர் செருப்புக்கு ஈடுகொடுக்காது. ஹார்டனர் கலந்த கார் கிளியர் நிற்கும், ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலைக் கெடுக்கும், துணி முகமூடி அதைத் தடுக்காது. இதை வீட்டில் அடிக்காதீர்கள். கார் பெயின்டிங் பட்டறையில், அடுத்த வண்டிக்குக் கிளியர் அடிக்கும்போது உங்கள் பெட்டிகளையும் ஓரமாக நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள்.

## நட்டை முறுக்கியதும் வட்டமாக வெடிக்கிறது

முதலில் முகருங்கள். ஸ்பிரே எனாமல் தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரு மணியில் வந்துவிடும், நட்டின் அழுத்தத்தைத் தாங்க ஒரு வாரமாவது ஆகும். மழைக்காலத்தில் இரண்டு வாரம்.

வாடை இல்லாமலும் வெடித்தால் வாஷரைப் பாருங்கள். நட்டு சுழலும்போது உலோக வாஷரும் சேர்ந்து சுழன்று பெயின்ட்டைத் திருகி எடுக்கிறது. நைலான் வாஷர் போடுங்கள். ஃபுட்சுவிட்சில் வெளி நட்டைத் திருகவே கூடாது. ஸ்பானரால் வெளி நட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் நட்டைச் சுழற்றி இறுக்குங்கள். ஸ்பானரின் வாயில் ஒரு சுற்று டேப். அதையும் மீறி வெடித்த வட்டம் சிறிதாக இருந்தால் பெரிய வாஷர் மறைத்துவிடும். இதை ஏமாற்று என்று நான் நினைப்பதில்லை.

## எதுவும் துளையில் நுழையவில்லை, மூடி படியவில்லை

பவுடர் பூச்சின் தடிமன் பொதுவாக 60 முதல் 100 மைக்ரான். துளையின் இரு ஓரத்திலும் ஏறுவதால் விட்டம் 0.2 மி.மீ. வரை குறையும். 12 மி.மீ. ஃபுட்சுவிட்சும் 7 மி.மீ. பாட்டும் (குமிழ் மாட்டும் பொட்டென்ஷியோமீட்டர்) அதனால்தான் முட்டிக்கொண்டு நிற்கின்றன. சுத்தியல் வேண்டாம், வட்ட அரத்தால் வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி மட்டும் தள்ளுங்கள், இழுத்தால் பூச்சு பெயரும். அடுத்த முறை துளையைக் கால் மில்லிமீட்டர் பெரிதாகப் போட்டுவிட்டுக் கொடுங்கள். மூடித் திருகு பாதியில் நின்றால் மரையில் பவுடர் வெந்து அடைத்திருக்கிறது. பலவந்தமாகத் திருகினால் வார்ப்பு மரை நொறுங்கும். பொருத்தமான அளவுள்ள, மரை வெட்டும் ‘டேப்’ கருவியை உள்ளே திருகி மரையைச் சுத்தம் செய்ய வேண்டும். அந்தக் கருவி இல்லையென்றால் எந்த லேத் பட்டறையிலும் இரண்டு நிமிட வேலை.

## மொத்தத்தையும் உரித்துவிட்டு முதலிலிருந்து

ஸ்பிரே பெயின்ட் என்றால் தின்னரில் நனைத்த துணியைச் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி ஓரிரவு வையுங்கள், பெரும்பாலும் வழன்று வரும். சாக்கடை அடைப்புக்குப் போடும் காஸ்டிக் சோடாவை மட்டும் தொடாதீர்கள். இரும்பில் பெயின்ட் உரிக்க அதைப் பயன்படுத்துவதைப் பார்த்து ஒருவர் அலுமினியப் பெட்டியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது வாளி கொதித்துக்கொண்டிருந்தது. பெட்டியில் மரைகளே மிஞ்சவில்லை. பவுடர் கோட்டிங்கை வீட்டில் உரிக்கப் பார்ப்பது வீண், பட்டறையில் கொடுங்கள். ஒரே ஒரு பெட்டி என்றால் புதுப் பெட்டி வாங்குவது மலிவு.

## அழகாக இருக்கிறது, ஆனால் இரைகிறது

அலங்கரிக்கும் முன் அமைதியாக இருந்த பெடல், பூச்சுக்குப் பிறகு இரைந்தால் சர்க்யூட்டைப் பிரிக்காதீர்கள். பெட்டியின் வெறும் உலோகம் தெரியும் இடத்தில், திருகுத் தலையிலோ நட்டிலோ, விரலை வையுங்கள். இரைச்சல் கூடினாலோ குறைந்தாலோ பெட்டி பூமி இணைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருக்கிறது. கிட்டார் வயரைச் செருகும் உலோக ஜாக்கின் உடல் பெட்டியைத் தொட்டுத்தான் பெட்டி கவசமாகிறது. உள்ளேயும் பெயின்ட் புகுந்துவிட்டால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும்.

ஜாக்கைக் கழற்றி, துளையைச் சுற்றி உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேயுங்கள். ஜாக்குக்கும் சுவருக்கும் இடையே பல்லுள்ள வாஷரைப் போட்டு இறுக்குங்கள். உங்களுடையது முழுக்கப் பிளாஸ்டிக் உடல் கொண்ட ஜாக் என்றால் இது பயன்படாது. சர்க்யூட்டின் பூமி இணைப்பிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, வளையத் தகட்டில் பற்றவைத்து, ஏதாவது ஒரு பாட்டின் நட்டுக்கு அடியில் உட்பக்கமாகக் கடிக்கவிடுங்கள். மூடியின் உதட்டிலும் பெட்டியின் விளிம்பிலும் பூச்சு இருந்தால் மூடி தனித்து நிற்கும். ஒரு மூலையில் மட்டும் சுரண்டினால் போதும்.

இரைச்சலுக்குப் பதில் ஒலியே நின்றுபோயிருந்தால், துளையைச் சரிசெய்தபோது விழுந்த அலுமினியத் தூள் சர்க்யூட் பலகையில் உதிரிபாகங்களின் இரு கால்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். தூரிகையால் துடைத்து, செருகிய பிளக்கின் முனை சுவரைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். இவ்வளவுக்கும் பிறகு மௌனமாகவே இருந்தால் பூச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சர்க்யூட் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கடைசியாக மல்டிமீட்டரை ஓமில் வைத்து, ஒரு முனையை ஜாக்கின் உடலிலும் மறுமுனையை மூடியின் உட்புறத்திலும் வையுங்கள். ஒரு ஓமுக்குக் கீழே காட்டினால் நான்கு திருகுகளையும் மாட்டிவிடலாம்.